45 டிகிரியிலும் மொட்டைமாடியில் பச்சை! தெரியுமா?

2003-ஆம் ஆண்டு மே 31. சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்றைக்கு வெயில் எவ்வளவு தெரியுமா? 45 டிகிரி செல்சியஸ்! அந்த 45 டிகிரியை எங்கே வைத்து அளந்தார்கள் தெரியுமா? நிழலில்! தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கும் வெப்பமானி காட்டுகிற கணக்குதான் நாம் செய்தியில் கேட்பது. அப்படியானால் அதே மத்தியானத்தில் மொட்டைமாடித் தளம் எப்படிக் கொதித்திருக்கும்? கோடையில் சிமென்ட் தளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வெறுங்காலை வைத்தால் துள்ளிக் குதிக்கிறோமே, அந்தத் தளத்தின்மேல்தான் நம் கத்தரியும் வெண்டையும் கறிவேப்பிலையும் மே 4-லிருந்து 28 வரை கத்திரி வெயில் முழுவதையும் தாங்கி நிற்கின்றன. நிற்பது மட்டுமா? பூக்கின்றன, காய்க்கின்றன! அது எப்படி?

நாம் ஊற்றும் தண்ணீரில் செடி தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொள்கிறது தெரியுமா? வேர் உறிஞ்சுகிற 100 சொட்டில் 95-க்கும் மேல் இலை வழியே ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது! அத்தனையும் வீணா? இல்லவே இல்லை. அதுதான் செடியின் ஏ.சி.! ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. ஆயிரம் வாட் ஹீட்டரை 40 நிமிடம் ஓடவிட்டால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு! கரண்ட் பில் கிடையாது, சத்தம் கிடையாது. இந்த வேலையைச் செய்வது இலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பல செடிகளில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்துக்குள் 100 முதல் 300 துளைகள்! கடுகு ஒன்றை வைத்தால் அதற்கடியில் நூற்றுக்கணக்கில் மறைந்துவிடும். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் கோடையில் மட்டும் நெருக்கிக் கூட்டமாக வையுங்கள். ஒன்று விடும் ஈரமூச்சில் அடுத்ததும் குளிரும்!

பிற்பகல் இரண்டு மணிக்குப் பரங்கிக்கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மாடியில் ஒரு கொடி இருக்கிறது. காலையில் குடை மாதிரி விரிந்திருக்கும் இலை, இரண்டு மணிக்கு ஈரத்துணியைக் கொடியில் போட்டதுபோல் தொங்கிவிடும். காம்பு மட்டும் நிற்கும், இலை நான்கு பக்கமும் சரிந்து கிடக்கும். முதல் வருடம் பதறிப்போய் வாளியும் கையுமாக ஓடினேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் உள்ளே ஜில்லென்று ஈரம்! அப்புறம் என்ன ஆனது தெரியுமா? ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால், அத்தனை இலையும் மறுபடி குடை! வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை ஆவியாக்குகிற வேகம் கூடும்போது நடக்கும் தற்காலிக வாட்டம் அது. சரிந்த இலையின்மேல் வெயில் நேராக விழுவதும் குறைந்துவிடுகிறது! அதனால் இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரலைக் கேட்டு ஊற்றுங்கள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும்! மாலையிலும் இலை எழுந்திருக்கவில்லையா? அப்போதுதான் உண்மையான தாகம்.

“மத்தியானம் இலையில் தண்ணீர் பட்டால் சொட்டு பூதக்கண்ணாடியாகி இலையைச் சுட்டுவிடும்.” இதைச் சொல்லாத தோட்டக்காரர் உண்டா? ஆனால் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்ட முடிவு தெரியுமா? வழவழப்பான இலைமேல் கண்ணாடி மணியை வைத்தார்கள், இலை கருகியது. தண்ணீர்ச் சொட்டை வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை! மெழுகு முடிகள் சொட்டை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் ஒருவகை நீர்ப் பெரணியில் மட்டும் கருகல் வந்தது. அதற்காக நண்பகலில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. ஊற்றியதில் ஒரு பகுதி வேருக்குப் போகுமுன்பே பறந்துவிடுமே! காலை ஆறிலிருந்து ஏழு, அதுதான் நல்ல நேரம்.

ஆனால் உண்மையிலேயே செடியைச் சுடுவது எது தெரியுமா? ஹோஸ் பைப்! வெயிலில் சுருண்டு கிடந்த பைப்பைத் திறந்தால் முதலில் வருவது காபி போடலாம் போன்ற வெந்நீர். அதை வெறும் தளத்தில் ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த பிறகே செடிக்குக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை. எத்தனை நாற்று பிழைக்கும்!

கறுப்புப் பை வேரைச் சமைக்கும்!

செடி வெயிலில் கருகுகிறது என்றால் எல்லோரும் இலையைத்தான் பார்ப்பார்கள். உள்ளே வேரை யார் பார்க்கிறார்கள்? மேற்கு வெயில் நேராக அடிக்கும் கறுப்புத் தொட்டியின் ஓரத்து மண் 50 டிகிரியை நெருங்கும்! பல செடிகளின் வேர் 40 டிகிரிக்கு மேல் வளர்வதையே நிறுத்திவிடும். இலைக்காவது ஏ.சி. இருக்கிறது, வேருக்கு என்ன இருக்கிறது? இதற்குச் செலவு என்ன தெரியுமா? ஒரு பழைய அரிசிச் சாக்கு! தொட்டியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். அல்லது இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வைத்துத் தளத்திலிருந்து பிரித்துவிடுங்கள், அடியில் காற்று ஓடும். மண்தொட்டி என்றால் இன்னும் நல்லது. பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ, அதே காரணத்தால் அந்த மண்ணும் குளிரும்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். கோடையில் உங்கள் வீட்டின் எந்தப் பக்கச் சுவரில் நேர் வெயிலே விழாது தெரியுமா? தெற்குச் சுவர்!

நம்ப முடிகிறதா? சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒருநாள் நண்பகல் சூரியன் மிகச்சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. நட்டுவைத்த குச்சிக்கு அந்த நொடியில் நிழலே இருக்காது! நிழலில்லா நாள் என்கிறார்கள். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10-ஐ ஒட்டியே வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகிறது? சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது! ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை சென்னைக்குச் சூரியன் நாள் முழுக்க வடபுறமாகவே உதித்து, வடபுறமாகவே நகர்ந்து, வடபுறமாகவே மறைகிறது. கிட்டத்தட்ட நான்கு மாதம்! அந்த நான்கு மாதமும் செங்குத்தான தெற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் நேர் வெயில் கிடையாது. அந்தச் சுவரை ஒட்டி நண்பகலிலும் ஒரு கீற்று நிழல் இருந்துகொண்டே இருக்கும். ஜூன் கடைசியில் பத்தடிச் சுவருக்கு உச்சிவேளை நிழல் ஏறக்குறைய இரண்டடி. ஒரு வரிசைத் தொட்டிக்கு அது போதாதா? மல்லி, புதினா, புதிதாக வாங்கிய நாற்று, எல்லாவற்றையும் அங்கே ஒட்டி அடுக்கிவிடுங்கள்!

மார்கழியில் அப்படியே தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், வடக்குச் சுவரடியில் வைத்த செடி வெளிச்சத்துக்கு ஏங்கும். வருடத்துக்கு இரண்டே முறை, சித்திரையில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, தொட்டிகளை இடம் மாற்றினால் போதும். ஷேட் நெட் வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்படுபவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நெட் வாங்குவதாக இருந்தால் 50 சதவீதம் போதும். அந்த எண் வெயிலில் எவ்வளவைத் தடுக்கும் என்பதற்கான கணக்கு. 75, 90 என்று வாங்கிக் காய்ச்செடிக்குமேல் கட்டினால் செடி உயரும், காய் வராது!

2,000 வருடத்துக்கு முந்தைய சொட்டுநீர்!

மண்பானையை மண்ணில் புதைத்துச் செடி வளர்க்கும் வித்தை எவ்வளவு பழையது தெரியுமா? கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே இருக்கிறது! மின்சாரம் இல்லை, டைமர் இல்லை. சூளையில் சுட்ட, பூச்சுப் பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும், அவ்வளவே. மண் காய்ந்தால் பானையின் நுண்துளை வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மண் நனைந்திருந்தால் இழுக்காது! எவ்வளவு வேண்டும் என்று மண்ணே முடிவு செய்கிறது! ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோமே, ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு சின்னக் கலயம் புதைத்துவைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு அந்தக் கவலை இல்லை. மூடியை மட்டும் மறக்காதீர்கள். திறந்து கிடந்தால் கொசு குடிவந்துவிடும்.

ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு வரும் தெரியுமா? சுமார் 70 லிட்டர்! செங்கல் போல இருந்தது தொட்டி தொட்டியாகப் பொங்கி வழியும்! தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் இந்தச் சரக்கு ஒருகாலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களின் ஓரம் குப்பையாய்க் குவிந்துகிடந்ததுதான்! ஒரு எச்சரிக்கை. அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும்.

சும்மா கிடக்கும் சருகு என்ன செய்யும் தெரியுமா? மூடாக்காக இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால் மண்ணுக்கே குடை! வாழைச்சருகு, கரும்புச் சோகை, உரித்த தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் சரி. தண்டை மட்டும் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

ராத்திரி முழுக்க ஓடும் ஏ.சி.யின் பின்னால் சொட்டும் தண்ணீரைக் கவனித்திருக்கிறீர்களா? கடலோர ஊரின் புழுக்கத்தில் விடிவதற்குள் ஒரு வாளி நிறையும்! காற்றிலிருந்தே வடிந்த, உப்பில்லாத தண்ணீர்! போர்த்தண்ணீரில் உப்பு பூத்து வெள்ளை படிந்த தொட்டிகளுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் நேர் எதிர். உப்பு அத்தனையும் அதில்தான் போகிறது. தினமும் அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகும்!

மே மாதத்தில் திடீரென்று இடி இடித்து ஒரு கோடை மழை. 20 மில்லிமீட்டர்தான். ஆயிரம் சதுர அடி மாடியில் எவ்வளவு தண்ணீர் விழும் தெரியுமா? சுமார் 1,850 லிட்டர்! 15 லிட்டர் வாளியால் அளந்தால் 120 வாளிக்கு மேல்! மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. குழாய் இருக்கிறது. அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்தால் ஒரு வாரப் பாசனம் கையில்!

தக்காளி பூ உதிர்கிறதே, உங்கள் கைராசியா?

இல்லை! பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். சென்னையிலும் மதுரையிலும் மே மாத இரவுகள் 24-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். உரம் போட்டு என்ன பயன்? இன்னும் சொல்லப்போனால் கொளுத்தும் வெயிலில் அதிக உரம் வேரைக் கருக்கும். தக்காளியை நிழலுக்குத் தள்ளி உயிரோடு வைத்திருங்கள், போதும்.

பாகல், பரங்கி, சுரை எல்லாம் பூவாகப் பூத்துத் தள்ளுகிறது, ஒரு பிஞ்சு இல்லையே என்கிறீர்களா? சூடு கூடக்கூட இந்தக் குடும்பத்தில் ஆண்பூ பெருகும், பெண்பூ குறையும்! பூவின் அடியில் குட்டிக்காய் ஒட்டியிருந்தால் பெண், வெறும் காம்பென்றால் ஆண்.

கத்திரியிலும் குஷியாக வளர்வது எது தெரியுமா? வெண்டை! விதை போட்ட 45 நாளில் காய்! கொத்தவரை அதற்குச் சளைத்ததில்லை. சிறுகீரை 25 நாளில் பொரியலுக்குத் தயார். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் கரும்பு, சோளம் போலவே வெயிலைச் சாப்பிட்டு வளரும் தனி உள்ளமைப்புள்ள கூட்டம். மற்ற செடி திணறுகிற வெளிச்சத்திலும் இவை உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும்!

இதிலெல்லாம் ராஜா யார் தெரியுமா? தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் பருப்புக்கீரை! வெயிலைச் சமாளிக்கத் தாவரங்களிடம் இரண்டு பெரிய தந்திரங்கள் உண்டு. ஒன்று, இப்போது சொன்ன கரும்பு வழி. இன்னொன்று, பகலில் இலைத்துளைகளை இழுத்து மூடிவிட்டு இரவில் திறந்து மூச்சுவிடும் கள்ளி வழி. ஏதாவது ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். பருப்புக்கீரையிடம் இரண்டும் இருக்கிறது! அதுவும் ஒரே இலையில், ஒரே திசுவுக்குள் இரண்டும் கைகோத்து நடக்கிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். ஒரு செடி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைக் கொட்டக்கூடும்! களை என்று பிடுங்கிப் போடுகிறோமே, பாசிப்பருப்போடு கடைந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பத்து மணிக்கு மலரும் டேபிள் ரோஸ் இதன் அக்கா பிள்ளைதான்!

அந்தக் கள்ளி வழியின் கதை இன்னும் விசேஷம். இரவில் மூச்சுவிடும் செடி இலைக்குள் புளிப்பைச் சேர்த்துவைக்கிறது, பகலில் அதைச் செலவழிக்கிறது. இதை முதலில் நாக்காலேயே கண்டுபிடித்து எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மனியிலிருந்து வந்து, இந்தியாவில் வாழ்ந்து, 1819-ல் சென்னையிலேயே கண்மூடியவர்! அவர் மென்று பார்த்தது ரணகள்ளி. அதிகாலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று இருந்தது, சாயங்காலம் லேசான கசப்பு! லண்டனுக்கு எழுதிப் போட்டார், 1810-களில் அச்சாகியது. நாம் மென்று பார்க்க வேண்டாம், அது சமையல் இலை அல்ல. ஆனால் அந்த இலையைப் பறித்துச் சுவர் ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, இலை ஓரத்துப் பள்ளம் ஒவ்வொன்றிலும் குட்டிச்செடி! கற்றாழையும் பிரண்டைத் தண்டும் இதே ராத்திரிக் கூட்டம்தான். அவற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகும். கோடையிலும் வாரம் ஒன்றிரண்டு முறை போதும்!

கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது, தெரியுமா? முறாயா கோனிகியை! லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்கேயே செடி செடியாகத் தேடி அலைந்தவர். அவர் பெயர்தான் நம் ரசத்தில் மிதக்கிறது! அந்தச் செடிக்குக் கோடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இலையாக உருவாதீர்கள், நுனியோடு கொத்தாகக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும்! வாரம் ஒருமுறை புளித்த மோரை நீர்க்கக் கலந்து ஊற்றுவது எங்கள் அம்மா காலத்துப் பழக்கம்.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வீரன்!

செம்பருத்தியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. கோடையில் இது வராத மாடி உண்டா? அருகே குனிந்து பாருங்கள், எறும்புச் சாரி ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். எறும்பு அதைத் தின்ன வரவில்லை, மேய்க்க வருகிறது! மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, எதிரியைத் துரத்துகிறது! நாம் மாடு வைத்துக்கொள்வதுபோல எறும்பு பூச்சி வைத்துக்கொள்கிறது!

2008-ல் கோயம்புத்தூரில் ஒரு புதிய மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, எதையும் விடவில்லை. இரண்டே வருடத்தில் பல மாவட்டங்களில் தோட்டம் தோட்டமாக வெள்ளை! மருந்தடித்துப் பார்த்தார்கள், மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சிக்கு உறைக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது யார் தெரியுமா? 2010-ல் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவி! நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். விட்ட சில மாதங்களில் படையே சரிந்தது! இன்றும் உங்கள் மாடியில் அந்தக் குளவியின் வாரிசுகள் பறந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். முதலில் பைப் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. எறும்பின் பாதையை மறித்தால் பாதிச் சண்டை முடிந்தது!

காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைத்தால்தான் பூக்கும், தெரியுமா? பளபளக்கும் அந்த ரோஜா நிறம் பூவே இல்லை, இலை! நடுவில் ஊசி மாதிரி நிற்கும் மூன்று வெளிறிய குழல்கள்தான் பூ! பிரேசிலில் இதைச் சேகரித்த பிரெஞ்சுக் கப்பல் பயணத்தில் தாவரவியலர் கொமெர்சோனுக்கு உதவியாளராக இருந்தவர் ஜான் பாரே. ஆண் வேடமிட்டுக் கப்பலேறிய பெண்! கடல்வழியே உலகைச் சுற்றியதாக அறியப்படும் முதல் பெண் அவர்தான்! இந்தச் செடி வாடத் தொடங்கிய பிறகு ஊற்றுங்கள், மாடியே பற்றி எரிவதுபோல் பூக்கும்.

பங்குனி, சித்திரையில் மல்லிகை கொட்டுகிறதே, அதற்கான வேலை எப்போது நடந்தது தெரியுமா? கார்த்திகையில்! நவம்பர் கடைசி வாரம், மனசைக் கல்லாக்கிக்கொண்டு செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். புதுத்துளிரில்தான் மொட்டு! 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே கவாத்துதான்.

எல்லாம் வாடும் மாதத்தில் புத்தம்புது இலை விடுவது யார்? வேம்பும் புங்கனும்! மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது, வானத்தில் மேகம் இல்லை, ஆனாலும் பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர்! ஆழத்தில் இருக்கும் ஈரத்தை நம்பிய துணிச்சல் அது. வீட்டின் மேற்கே ஒரு புங்கன் நட இடமிருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்களே, தேதி பார்த்தா சொன்னார்கள்? ஜூலை நடுவில் விதைத்தால் நாற்று வேரூன்றி நிமிரும்போது ஐப்பசி மழை வந்து சேரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் விழுகிறது! நாட்டு அவரையின் கதை அதிசயம். சீக்கிரம் விதைத்தாலும் கொடி ஓடுமே தவிரப் பூக்காது. பகல் குறுகுவதற்காகக் காத்திருக்கும்! சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணியை அவரை கண்டுபிடித்துவிடுகிறது! கடிகாரம் கட்டாத நாம் கவனிப்போமா?

முதல் மழையில் மண்புழு எங்கிருந்து வருகிறது தெரியுமா? அது எங்கும் போகவே இல்லை! கோடையில் ஆழத்துக்கு இறங்கி, கோழை பூசிய ஒரு குட்டி அறை கட்டி, முடிச்சுப்போல் சுருண்டு தூங்குகிறது! கூடவே எழுந்து வருவது ஒரு வில்லன். ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-ல் கல்கத்தாவில் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து விட்டது, இன்று தென்னாடு வரை! வெறுங்கையால் தொடாமல், உறை போட்டு இரவில் பொறுக்குங்கள்.

முருங்கைக்கு வருவோம். விதை போட்ட ஆறே மாதத்தில் காய்க்கும் முருங்கை தெரியுமா? பி.கே.எம்.-1! பி.கே.எம். என்றால் பெரியகுளம், அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியின் பிள்ளை அது! பெரிய டிரம்மில் நட்டு, மூன்றடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் சக்தியும் அதன் விதைக்கு உண்டு!

பிஞ்சு வெம்பிக் கருகி விழுகிறதா? பூ விரியும் நேரம் உங்களுக்குத் தெரியுமா? பரங்கிப்பூ விடியுமுன் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். தேனீ வராத மாடியில் ஏழு மணிக்குள் நீங்களே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். சுரையும் புடலையும் ராத்திரிப் பிள்ளைகள். வெள்ளைப்பூ, இருட்டிலும் அந்துப்பூச்சிக்குத் தெரிவதற்காக! புடலம்பூவை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் நூல் நூலாகப் பிரிந்து, யாரோ உட்கார்ந்து பின்னிய சரிகைபோல் காற்றில் ஆடும்! பீர்க்கன் மட்டும் மஞ்சளில் மலரும், அதுவும் சாயங்காலம் பார்த்து. இன்றைக்கு ஐந்தரை மணிக்கு மாடிக்குப் போய் ஒரு பீர்க்கம் மொட்டின் பக்கத்தில் உட்காருங்கள். தளம் இன்னும் சுடும், ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணெதிரே விரிவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்!